வியாழக்கிழமைச் சோறு

என் கணவருக்குச் சிறுநீரகம் கிடைத்த கிழமை நான் வீட்டில் செய்த முதல் வேலை, குளிர்சாதனப் பெட்டியைக் காலி செய்ததுதான்.

அவர் அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தார். நான்கு வருடமாகக் கிழமைக்கு மூன்று நாள் இயந்திரத்தில் இரத்தம் சுத்திகரித்துக்கொண்டிருந்த மனிதருக்கு ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் தொலைபேசி வந்தது. யாரோ ஒருவர் இறந்திருந்தார். ஆணா பெண்ணா, எந்த ஊர், எத்தனை வயது, எதையும் எங்களுக்குச் சொல்லமாட்டார்கள். அந்த ஆளுடைய சிறுநீரகம் இரண்டாம் நாளே என் கணவரின் வயிற்றில், வலது பக்க இடுப்புக்கு மேலே, வேலை செய்யத் தொடங்கிவிட்டது. மருத்துவர்கள் சிரித்த முகத்தோடு வந்து வந்து பார்த்தார்கள். நானும் சிரித்தேன். ஐந்தாம் நாள் உணவு ஆலோசகர் வந்து கட்டிலருகில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இளம் பெண். எனக்காகப் பிரெஞ்சை மெதுவாகப் பேசினார். புதுச் சிறுநீரகத்தை உடம்பு அந்நியப் பொருள் என்று தள்ளிவிடாமல் இருக்க என் கணவர் வாழ்நாள் முழுவதும் மருந்து எடுக்க வேண்டும், அந்த மருந்து உடம்பின் எதிர்ப்புச் சக்தியைப் படுக்கப்போட்டுவிடும், ஆகவே மற்றவர்களுக்கு ஒரு நாள் வயிற்றோட்டமாகப் போகிற கிருமி இவரை மறுபடி இந்தக் கட்டிலுக்குக் கொண்டுவரலாம் என்றார். பிறகு ஒரு தாளைத் தந்தார். பச்சை முட்டை கூடாது. காய்ச்சாத பாலில் செய்த சீஸ் கூடாது. வெட்டி விற்கிற பழம் கூடாது. கடைசி வரி மிச்சச் சாப்பாட்டைப் பற்றியது. சமைத்ததை உடனே குளிரவைக்க வேண்டும், ஒரு நாளுக்கு மேல் வைக்கக்கூடாது, ஆவி பறக்கச் சூடாக்க வேண்டும். அந்த வரியில் 'சோறு' என்ற சொல்லின் கீழே பேனாவால் இரண்டு கோடு இழுத்தார்.

"உங்கள் வீட்டில் நிறையச் சோறு சாப்பிடுவீர்கள், இல்லையா?" என்று கேட்டார். தலையாட்டினேன்.

நான் கர்க்லாண்டில் ஒரு பகல்நேரச் சிறுவர் காப்பகத்தில், இங்கே கார்டெரி என்பார்கள், அங்கே சமையல் செய்கிறவள். இந்தத் தாளில் இருந்தவை எனக்குப் புதிதல்ல. அறுபது பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டில் தினமும் வெப்பமானியைக் குத்திப் பார்த்து எழுதி வைப்பவள் நான். ஆனால் அந்தக் கவனத்தை வாசலில் கழற்றிவைக்கிற சப்பாத்தைப் போல வேலையிடத்திலேயே விட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். வீட்டில் நான் வேறு ஆள். எங்கள் வீட்டில் சோறு கொட்டுவது பாவம்.

அன்று டோர்வலில் எங்கள் குசினியில் தனியாக நின்று பெட்டியைத் திறந்தேன். ஐஸ்கிரீம் டப்பாக்களும் மாஜரின் டப்பாக்களுமாக ஏழெட்டு இருந்தன. ஒன்றில்கூட ஐஸ்கிரீமோ மாஜரினோ இல்லை. பாதிப் பருப்புக்கறி. மறுநாள் ரொட்டி மாவுக்குள் பிசைந்துவிடலாமென்று வைத்தது. காய்ந்துபோன இடியப்பம், கொத்துப்போட. இரண்டு நாள் மீன்குழம்பு. புளி இறங்கி அப்போதுதான் ருசி பிடித்திருக்கும். ஒரு பெட்டி சோறு. எல்லாவற்றையும் உணவுக் கழிவுக்கென்று நகரசபை தந்த பழுப்பு வாளிக்குள் கவிழ்த்தேன். பிறகு பெட்டியின் தட்டுகளைக் கழற்றி வெந்நீரும் சவர்க்காரமும் போட்டுக் கழுவினேன். இவ்வளவு காலமும் இந்தக் கையால்தானே அவருக்குக் கொடுத்தேன் என்று நினைத்தேன். ஒன்றும் நடக்கவில்லைதான். இனி நடந்தால் அது என் கையால்தான் நடக்கும்.

அந்த எண்ணம் போகவே இல்லை.

நாங்கள் யாழ்ப்பாணக் கரையோரத்துக் கத்தோலிக்கர். இங்கே வந்து பதினெட்டு வருடம். அவர் விமான நிலையத்தில் பயணப்பொதி ஏற்றுகிற வேலையில் இருந்தார், சிறுநீரகம் பழுதாகும் வரை. இயந்திரத்தில் இருந்த நான்கு வருடமும் அவருக்குச் சாப்பாடு ஒரு தண்டனை. உருளைக்கிழங்கை இரண்டு தரம் அவித்து நீரை ஊற்ற வேண்டும். தக்காளி, வாழைப்பழம், தேங்காய்ப்பால் எல்லாம் அளந்து. தண்ணீர்கூட அளந்து. அந்த நாட்களில் அவர் அடிக்கடி சொல்வது ஒன்றுதான்.

"மாத்தினாப் பிறகு எல்லாம் சாப்பிடலாமாம். முதல் வேலையா ஒரு சட்டி குழையல்."

குழையல் என்றால் எங்கள் வீட்டில் சனிக்கிழமை மத்தியானம். வெள்ளிக்கிழமை மிஞ்சிய சோறு, மீன்குழம்பு, பருப்பு, இருந்தால் கத்தரிக்காய், எல்லாவற்றையும் குழம்புச் சட்டிக்குள்ளேயே போட்டு அடியில் ஒட்டிக்கிடப்பதையும் வழித்துக் கையால் பிசைவது. பிசைகிறவர் உருண்டை பிடித்து ஆளாளுக்குக் கையில் வைப்பார். தட்டு கிடையாது. எங்கள் வீட்டில் பிசைகிறவர் எப்போதும் அவர்தான். நோய்க்கு முன்பு மகளுக்கு அப்பாவின் சமையல் என்றால் அது ஒன்றுதான். அவள் இரண்டு கையையும் சேர்த்து நீட்டிக்கொண்டு நிற்பாள்.

அவர் வீட்டுக்கு வந்தது ஒக்டோபரில். நான் காலை ஐந்தரைக்கு எழும்பி அவருக்கென்று ஒரு சின்னப் பானையில் ஒரு நேரச் சோறும் ஒரு கறியும் ஆக்கிக் கண்முன்னாலேயே சாப்பிட வைத்துவிட்டு வேலைக்குப் போவேன். மத்தியானத்துக்கு ஓட்ஸ், பாண், தகரத்தில் அடைத்த சூப். நான்கு மணிக்கு வந்து மறுபடி புதிதாக ஆக்குவேன். அவருடைய பானை வேறு, அகப்பை வேறு, வெட்டுகிற பலகை வேறு. மிஞ்சியதை நானும் மகளும் பிறகு சாப்பிடுவோம். நான் அனேகமாக நின்றுகொண்டே சாப்பிடுவேன். குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டு எங்களுடையது. அங்கே இருப்பதை அவர் தொடக்கூடாது. வீட்டுக்கும் ஒரு வெப்பமானி வாங்கினேன். அதைச் சோற்றில் குத்தி இலக்கம் ஏறும் வரை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது எனக்கே தெரியாது. மகள்தான் ஒரு நாள் சொன்னாள்.

எங்கள் கோயில் பங்கிலிருந்து ஆட்கள் சாப்பாடு கொண்டுவரத் தொடங்கினார்கள். நல்ல மனம். ஒரு அக்கா பனியில் இரண்டு பஸ் மாறிப் புட்டும் கணவாய்க் கறியும் கொண்டுவந்தா. கறி இன்னும் இளஞ்சூடாக இருந்தது. இளஞ்சூடுதான் ஆபத்து. எத்தனை மணிக்கு ஆக்கியது, எவ்வளவு நேரம் பையில் இருந்தது, கேட்க வாய் வரவில்லை. வாங்கி மேசையில் வைத்தேன். தேத்தண்ணி கொடுத்தேன். அவ கதவைச் சாத்திக்கொண்டு போன கையோடு எல்லாவற்றையும் வாளிக்குள் கொட்டினேன். என் கணவர் நடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அந்தக் கறியின் மணத்தை மூக்கால் இழுத்தது மட்டும் எனக்குக் கேட்டது.

நத்தார் பண்டிகைக்குப் பிறகு அவர் மெலியத் தொடங்கினார். பரிசோதனை இலக்கங்கள் நன்றாகத்தான் இருந்தன. சாப்பாடுதான் இறங்கவில்லை. நான் பயத்தில் எல்லாவற்றையும் அளவுக்கு மிஞ்சி வேகவைத்தேன். மீன் பஞ்சாகிவிடும். சம்பல் இல்லை, மோர் இல்லை, பச்சையாக வெங்காயம் இல்லை. தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"ருசியில்லையோ?"

"நல்லாயிருக்கு. பசியில்லை."

"சாப்பிடாட்டி உடம்பு என்னத்துக்காகும்?"

"சாப்பிடுறன். நீர் போய் இரும்."

மகளுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் உடுப்பை மாற்றிக் கையை முழங்கை வரை கழுவ வேண்டும் என்று வைத்திருந்தேன். வகுப்பில் யாருக்காவது தடிமன் என்றால் அவள் தன் அறைக்குள் சாப்பிடுவாள். பிரெஞ்சில் சினேகிதிகளோடு கதைக்கும்போது மட்டும்தான் அவள் குரல் வீட்டில் கேட்கும்.

மாசியில் ஒரு சனிக்கிழமை நான் கோட்-டெ-நேஜில் தமிழ்க்கடைக்குப் போனேன். வீதியெல்லாம் உறைந்து கிடந்தது, திரும்பி வர மூன்று மணியாகிவிட்டது. வீடு துப்புரவாக இருந்தது. அவர் சாய்மனைக் கதிரையில் படுத்திருந்தார். முகம் தெளிவாக இருந்தது. "பசிக்கேல்லை, பேந்து சாப்பிடுறன்" என்றார். நான் அதிகம் கேட்கவில்லை. மகள் மேசையில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள். அவள் தானாகவே வந்து மரக்கறிப் பையை வாங்கினாள். இரண்டு பேரும் நல்ல மாதிரி இருக்கிறார்கள் என்று நினைத்து எனக்கு ஒரு சின்னச் சந்தோசம்கூட வந்தது.

மறுநாள் ஞாயிறு. நானும் மகளும் பூசைக்குப் போய் வந்தோம். அவர் கூட்டத்துக்குள் வருவதில்லை. மத்தியானம் எனக்கும் மகளுக்கும் சூடாக்கலாமென்று குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறந்து கீழ்த்தட்டைப் பார்த்தேன். வியாழக்கிழமை நான் ஆக்கி வைத்த சோற்றுப் பெட்டியைக் காணவில்லை. மீன்குழம்புப் பெட்டியையும் காணவில்லை. தேடினேன். இரண்டும் கழுவித் துடைத்து அலுமாரிக்குள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன.

நான் அந்த வெறும் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போதுதான் வரவேற்பறையிலிருந்து அவர் கூப்பிட்டார்.

"இஞ்சரும். எனக்குக் குளிருது."

நெற்றியில் கை வைத்தேன். காய்ச்சல் பார்க்கிற வெப்பமானியை எடுத்து நாக்கின் கீழ் வைத்தேன். முப்பத்தெட்டு புள்ளி ஆறு. முப்பத்தெட்டு தாண்டினால் உடனே எடுக்கச் சொல்லி ஒரு தொலைபேசி இலக்கம் தந்திருந்தார்கள். எடுத்தேன். அந்தப் பக்கத்துக் குரல் எந்த அவசரமும் இல்லாமல் சொன்னது: "இப்போதே வாருங்கள். காத்திருக்க வேண்டாம்."

கேட்காமல் இருக்க முடியவில்லை. அவருக்குச் சப்பாத்து மாட்டிவிட்டுக்கொண்டே கேட்டேன்.

"நேற்று என்ன சாப்பிட்டனீங்கள்?"

அவர் மகளைப் பார்த்தார். மகள் தன் கோட்டின் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் குழம்பு எத்தினை நாளான குழம்பெண்டு தெரியுமோ? மூண்டு நாள். நான் எனக்கெண்டு வைச்சது."

"இப்ப வெளிக்கிடுவம்," என்றார்.

நெடுஞ்சாலையில் பனித்தூள் தரையோடு தரையாக ஓடிக்கொண்டிருந்தது. நான்தான் ஓட்டினேன். அவர் பக்கத்தில் பல் கிட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடியில் மகளின் முகம் தெரிந்தது. அவள் அழவில்லை, வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள். நான் ஒரு செபமும் முழுதாகச் சொல்லவில்லை. ஒவ்வொன்றையும் தொடங்கிப் பாதியில் வியாழக்கிழமைக்குப் போய்விடுவேன். வியாழன் எத்தனை மணிக்குச் சோற்றை இறக்கினேன், எவ்வளவு நேரம் அடுப்பில் மூடிக் கிடந்தது, பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்து பெட்டிக்குள் போட்டேனா, அதற்கு முன்பா. என் சாப்பாடுதானே என்று அலட்சியமாக இருந்தது எனக்கு நினைவுக்கு வந்தது. அவருக்கு ஆக்கும்போது நான் அப்படி இருந்ததில்லை. எனக்கும் மகளுக்கும் ஆனதில் மட்டும் கவனமில்லை. அதைத்தான் அவர் சாப்பிட்டிருக்கிறார்.

அவசரப்பிரிவில் எங்களைக் காக்கவைக்காமல் உள்ளே எடுத்தார்கள். அதுவே எனக்குப் பயமாக இருந்தது. ஒரு தாதி இரத்தம் எடுத்துக்கொண்டே கேள்வி கேட்டாள். இருமலா, வாந்தியா, சலம் போகும்போது எரிவா. கடைசியாக, வழமைக்கு மாறாக ஏதாவது சாப்பிட்டாரா என்று கேட்டாள்.

அவருக்குப் பிரெஞ்சு நன்றாகத் தெரியும், வேலையில் பழகியது. "இல்லை. எப்போதும் சாப்பிடுவதுதான்," என்றார்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் மகள் பேசத் தொடங்கிவிட்டாள். அவள் பிரெஞ்சு எனக்கு எட்டாத வேகம். சோறு, மீன், மூன்று நாள் என்கிற சொற்கள் மட்டும் பிடிபட்டன. பிறகு ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். அது எனக்கு நன்றாக விளங்கியது. என்னால்தான், என்னால்தான்.

தாதி ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு அவளுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தாள். "நீ சொன்னது நல்லது," என்றாள். "மிகவும் நல்லது. நான் எழுதிக்கொள்கிறேன்."

அவரை ஸ்கேன் படம் எடுக்கக் கொண்டுபோனார்கள். நாங்கள் இரண்டு பேரும் நடையில் பிளாஸ்டிக் கதிரைகளில் இருந்தோம். அந்த நேரம் நான் அவளைக் கட்டிப் பிடித்திருக்க வேண்டும். செய்யவில்லை. நான் முதலில் கேட்டது இதைத்தான்:

"சோத்தை எவ்வளவு நேரம் வெளியில வைச்சிருந்தனீங்கள்?"

"வைக்கேல்லை. எடுத்த உடனே சூடாக்கினது."

"வடிவாச் சூடாக்கினவரோ?"

"ஓம் அம்மா. அப்பா உங்கட தெர்மாமீட்டரை வைச்சுப் பாத்தவர். எண்பத்திரண்டு. ரெண்டு தரம் பாத்தவர். பேந்து ஆறவிட்டுத்தான் பிசைஞ்சவர். கையும் கழுவினவர்."

"அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் கொட்டிப்போடுவீங்கள்."

அவள் மூக்கைக் கையுறையால் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"நான்தான் கேட்டனான். அப்பா வேண்டாமெண்டுதான் சொன்னவர். நான்தான் குழையல் குழையல் எண்டு கேட்டனான். அம்மா, அப்பா வந்த நாளில இருந்து நான் அவரைத் தொடேல்லை. ஆருக்கோ தடிமன், ஆருக்கோ இருமல் எண்டு. எனக்கு அவருக்குப் பக்கத்தில போகவே பயம். நேற்று அவர் என்ர கையில உருண்டை வைச்சவர்."

பிறகு கேட்டாள்: "அப்பா செத்துப்போவாரோ?"

இல்லை என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. பொய்யாகிவிட்டால் என்ன செய்வது. அவள் கையுறையைக் கழற்றி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். குளிர்ந்துபோயிருந்தது. இந்தப் பிள்ளை ஒரு வாய்ச் சோறு கேட்டதற்குக் கொலை செய்தவள் மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு அதைக் கற்றுக்கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியும். நான் ஐந்து மாதமாக வீட்டில் ஒவ்வொரு நாளும் அந்தப் பாடத்தைத்தான் நடத்தியிருக்கிறேன்.

"நீ கேட்டதில பிழையில்லை," என்றேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை.

திங்கட்கிழமை கிரியாட்டினின் ஏறியிருந்தது. அது இரத்தத்தில் பார்க்கிற ஒரு இலக்கம். அது ஏறினால் சிறுநீரகம் சோர்கிறது என்று அர்த்தம். செவ்வாய்க்கிழமை இன்னும் ஏறியது. ஊசியால் புதுச் சிறுநீரகத்தில் ஒரு துளி சதை எடுத்து, உடம்பு அதைத் தள்ளப் பார்க்கிறதா என்று சோதிக்கலாம் என்று பேசிக்கொண்டார்கள். அவர் வயிற்றின் வலப்பக்கத்தைத் தொட்டால் நெளிந்தார். காப்பகத்தில் லீவு சொல்லிவிட்டு நான் கட்டிலருகில் இருந்தேன். ஆஸ்பத்திரித் தட்டில் பிசைந்த உருளைக்கிழங்கும் கோழியும் மூடியோடு வந்து மூடியோடு போயின. மூடியைத் திறந்து வெப்பம் பார்க்க என்னிடம் ஒன்றும் இல்லை. விரலால் தட்டின் அடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

சிறுநீரகம் தந்த, முகம்கூடத் தெரியாத அந்த ஆளின் நினைப்பும் எனக்கு வந்துகொண்டிருந்தது. அவருடைய வீட்டார் எங்கோ இந்த நகரத்திலேயே இருக்கலாம். அவர்கள் கொடுத்துவிட்டுப் போனதை நான் ஒரு மீன்குழம்பில் தொலைத்துவிட்டேன் என்றால் எந்தக் கோவிலில் போய் யாரிடம் சொல்வது.

புதன்கிழமை காலை மருத்துவர் வந்தார். நரைத்த தலை, தணிந்த குரல். சலத்தில் கிருமி கண்டுபிடித்திருக்கிறோம், அது மேலே ஏறிப் புதுச் சிறுநீரகத்தைத் தொட்டிருக்கிறது, மாற்றியவர்களுக்கு இது அடிக்கடி வருவது, மருந்து பிடித்துக்கொண்டது, இன்று இலக்கம் இறங்கியிருக்கிறது என்றார்.

நான் கேட்டேன். "சோறு?"

"சோற்றால் இது வராது."

"மூன்று நாள் சோறு. மீன்."

"அதனால் வந்திருந்தால் முதலில் வயிற்றைப் பிடித்திருக்கும், அம்மணி. அவருக்கு வயிற்றில் ஒன்றும் இல்லை."

அவர் போகத் திரும்பியபோது மூன்றாம் தரமும் கேட்டேன். அவர் பொறுமையாக நின்று, அதே பதிலை மெதுவாகச் சொன்னார். பிறகு சொன்னார்: "ஆனாலும் மூன்று நாள் சோற்றைக் கொடுக்காதீர்கள்."

பின்னேரம் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து பஸ்ஸிலும் மெத்ரோ ரயிலிலும் வந்தாள். அப்பாவே அவளுக்குச் சொன்னார், பிரெஞ்சில், அவளுக்கு வடிவாக விளங்கட்டும் என்று. அவள் கட்டிலின் கால்மாட்டில், வழமைபோலத் தள்ளி நின்று கேட்டாள். அவர் ஊசி ஏறாத கையை நீட்டினார். அவள் என்னைப் பார்த்தாள். அனுமதி கேட்கிற பார்வை. சுவரிலிருந்த கைகழுவும் மருந்தைக் காட்டினேன். அவள் அதை இரண்டு தரம் அமுக்கித் தேய்த்துவிட்டு ஓடிப்போய் அவர் தோளில் முகத்தை வைத்தாள். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த நேரத்திலும் என் மனம் அவள் மூக்கு ஒழுகுகிறதா என்றுதான் பார்த்தது.

ஆறாம் நாள் வீட்டுக்கு வந்தோம். அடுத்த கிழமை நான் அந்த உணவு ஆலோசகருக்குத் தொலைபேசி எடுத்தேன். முதல் தரம் அவர் தந்த தாளைக் கேள்வி கேட்காமல் வாங்கியவள், இந்த முறை எழுதி வைத்துக்கொண்டு கேட்டேன். குழையல் என்றால் என்ன என்று என் உடைந்த பிரெஞ்சில் விளக்குவது பெரும்பாடாக இருந்தது. சட்டிக்குள் பிசைவது என்றதும் அவருக்கு விளங்கவில்லை. கையால் கொடுப்பது என்றதும் சிரித்தார்.

"அவருக்கு அது பிடிக்குமா?"

"நான்கு வருடம் அதற்காகக் காத்திருந்தவர்."

"அப்படியென்றால் சாப்பிடட்டும். காலையில் ஆக்குங்கள், மெல்லிசாகப் பரப்பிச் சீக்கிரம் குளிரவையுங்கள், மத்தியானம் ஆவி வரச் சூடாக்குங்கள். கையை நன்றாகக் கழுவச் சொல்லுங்கள். நேற்று ஆக்கியதும் பரவாயில்லை, ஒழுங்காக வைத்திருந்தால். நான் எல்லாவற்றையும் கொட்டச் சொல்லவில்லையே."

அவர் அப்படிச் சொல்லவில்லைதான். தாளில் ஒரு நாள் வரை வைக்கலாம் என்று தெளிவாக இருந்தது. கொட்டியது என் பயம். அந்தப் புட்டுக் கொண்டுவந்த அக்காவை அடுத்த ஞாயிறு பூசைக்குப் பிறகு நிறுத்தி நடந்ததைச் சொன்னேன்.

"முதலே சொல்லியிருக்கலாம் பிள்ளை," என்றா. "நான் மாவையும் கணவாயையும் பச்சையாக் கொண்டந்து உங்கட குசினியிலயே அவிச்சுத் தந்திருப்பன்." பிறகு வந்து அப்படியே செய்தா.

குழையல் செய்தது பங்குனிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை. காலையில் சோறும் பாரைமீன் குழம்பும் பருப்பும் ஆக்கினேன். பரப்பிக் குளிரவைத்தேன். மத்தியானம் எல்லாவற்றையும் சட்டிக்குள் போட்டு ஆவி பறக்கச் சூடாக்கினேன். அவர் கையைக் கழுவிவிட்டு வந்து சட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார். பிசைந்தார். முதல் உருண்டையை மகளுக்குக் கொடுத்தார். இரண்டாவதைத் தானே வாயில் போட்டு மென்றார்.

"என்ன மாதிரி?" என்றேன்.

"காலமைச் சோத்தில குழையலோ," என்றார். "புளி பிடிக்கேல்லை." சொல்லிவிட்டு இன்னும் நான்கு உருண்டை சாப்பிட்டார்.

எனக்கும் ஒன்று பிடித்துத் தந்தார். மகள் எழும்பிப் போன பிறகு, பல நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

"அண்டைக்கு அதைச் சாப்பிடேக்க உங்களுக்குப் பயமா இருக்கேல்லையோ?"

அவர் சட்டியின் ஓரத்தில் ஒட்டியிருந்த பருக்கைகளை விரலால் கூட்டினார்.

"சரியான பயம்," என்றார். "அதுதான் தெர்மாமீட்டரை ரெண்டு தரம் வைச்சுப் பாத்தனான். ஆனா பிள்ளை ரெண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிண்டவள். நான் சாப்பிடாமல் அவளுக்கு மட்டும் குடுத்தால் அவள் சாப்பிட்டிருக்க மாட்டாள்."

நான் என் உருண்டையைச் சாப்பிட்டு முடித்தேன். குழம்பில் உப்புக் கொஞ்சம் கூடியிருந்தது. அதைச் சொன்னேன், ஓம் என்றார்.

அன்று பின்னேரம் முழுவதும் அவர் அறியாமல் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தூங்கும்போது நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். சூடு இல்லை. மறுநாளும் இல்லை. அதற்குப் பிறகு பல சனிக்கிழமைகள் வந்துவிட்டன, நேற்றைய குழம்பில்கூடச் செய்கிறோம். மகள் இப்போது தானே பிசைகிறாள், அப்பாவைவிட மோசமாக, சோறு கட்டி கட்டியாக நிற்கும். பயம் என்னை விட்டுப் போகவில்லை. முன்பு அது வீட்டையே ஆட்டிவைத்தது. இப்போது என்னோடு மேசையில் இருந்து சாப்பிடுகிறது, அவ்வளவுதான். வருகிற வியாழன் மறுபடி இரத்தப் பரிசோதனை. காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றோடு போக வேண்டும்.